வெல்டிங் கண்ணாடி கறுத்த கதை

சென்ற முறை தபால்தலைகள் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை இரும்பு, நெருப்பு, கண். வெல்டிங் செய்பவர்கள் தலையில் மாட்டும் ஹெல்மெட்டுக்கு இவ்வளவு வரலாறு இருக்கும் என்று எனக்கும் முன்பு தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை எப்படி வந்தது என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில், நாசரேத் பக்கம் சித்தப்பா வைத்திருக்கும் கிரில் பட்டறைக்கு எடுபிடி வேலைக்குப் போனேன். சித்தப்பா வளைகுடா நாட்டில் எட்டு வருடம் வெல்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்த சாமான்களில் ஒரு ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட்டும் உண்டு. ஆர்க் அடித்த மறுகணமே கண்ணாடி தானாகக் கறுத்துவிடும். வேலை முடிந்ததும் அதைத் துணியில் சுற்றித்தான் வைப்பார்.

அன்று ஒரு கேட்டுக்கு ஃபிரேம் சேர்க்க வேண்டும். ஆங்கிளை நான் பிடித்துக்கொண்டேன். "ஏலே, கண்ண மூடிக்கோ, நாலு டேக்குதான்" என்றார். நாலு டேக் நாற்பது டேக் ஆனது. சில தடவை கண்ணை மூடினேன், சில தடவை எட்டிப் பார்த்தேன். சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் இரண்டு கண்ணிலும் தேரி மணலை அள்ளிக் கொட்டியது போல ஓர் எரிச்சல். தண்ணீராகக் கொட்டுகிறது, லைட்டைப் பார்க்க முடியவில்லை. ஆச்சி உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைத்தார். விடியும்வரை தூங்கவில்லை.

சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ஹெல்மெட் மாட்டியிருந்தார். அந்த உலகத்தரமான ஹெல்மெட் இருந்த பட்டறையில்தான் என் கண் எரிந்தது. ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

வெல்டிங்குக்கு முன்பே வந்த கண்வலி

ஒரு விசித்திரம் பாருங்கள். வெல்டிங் கண்டுபிடிப்பதற்கு முன்பே வெல்டிங் கண்வலி வந்துவிட்டது!

இரண்டு கரித்துண்டுகளை நெருக்கமாக வைத்து மின்சாரம் கொடுத்தால் நடுவில் கண்ணைக் கூசும் வெளிச்சம் உண்டாகும். இதுதான் மின்வில், அதாவது ஆர்க். 1800களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி போன்றவர்கள் இதைச் செய்து காட்டினார்கள். 1858-ல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ, மின்வில்லை வைத்துப் பரிசோதனை செய்த இருவருக்குத் தோல் சிவந்து கண்ணும் பாதிக்கப்பட்டதைப் பதிவு செய்தார். இத்தனைக்கும் அவர்கள் சூட்டில் வேகவில்லை, வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள், அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் என்பதை 1889-ல் ஸ்வீடனின் கண் மருத்துவர் விட்மார்க் பரிசோதனை செய்து காட்டினார். கருவிழியின் மேல்தோல் இந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. உடனே வலிக்காது. அந்தத் தோலின் செல்கள் செத்து உதிர ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் பகலில் பார்த்த வெளிச்சம் ராத்திரியில் வந்து எழுப்புகிறது. வலி வேலை நேரத்தில் வராததால், "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்ற தைரியமும் கூடவே வந்துவிடுகிறது.

நாசரேத்தில் கொல்லுப்பட்டறை, ருஷ்யாவில் ஆர்க்

நம்ம ஊருக்கு வருவோம். 1876-78 பெரும்பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் ஏராளம். 1876-ல் நாசரேத்துக்கு வந்த ஆங்கிலேய மிஷனரி ஆர்தர் மர்காஷிஸ், 1878-ல் இங்கே கலைத் தொழிற்பள்ளியை ஆரம்பித்தார். கையில் ஒரு தொழில் இருந்தால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது நோக்கம். தச்சு, கொல்லுவேலை முதலியவை கற்றுக்கொடுக்கப்பட்டன. 1908-ல் அவர் இறந்த பிறகும் பள்ளி தொடர்ந்தது. "ஆர்ட் இண்டஸ்ட்ரியல்" என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பள்ளி தொடங்கியபோது உலகத்தில் ஆர்க் வெல்டிங் என்ற தொழிலே கிடையாது. இரண்டு இரும்பைச் சேர்க்க வேண்டுமானால் உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒட்ட வைப்பார்கள். இல்லாவிட்டால் ரிவெட் அடிப்பார்கள்.

மூன்று வருடம் கழித்து, 1881-ல், பிரான்சில் டி மெரிட்டான் என்பவர் பேட்டரிக்கான ஈயத் தகடுகளை மின்வில்லால் ஒட்டினார். ருஷ்யப் பேரரசைச் சேர்ந்த பெனார்டோஸும் ஒல்ஷெவ்ஸ்கியும் கரிமுனையால் இரும்பை ஒட்டும் முறைக்கு 1885 முதல் பல நாடுகளில் பேட்டன்ட் வாங்கினார்கள். 1888-ல் ருஷ்யாவின் பெர்ம் நகரத்தில் ஸ்லாவியானோவ், கரிக்குப் பதிலாக உருகும் இரும்புக் கம்பியையே முனையாக வைத்தார். இன்று பட்டறையில் ஹோல்டரில் மாட்டும் ராடுக்கு அதுதான் மூதாதை. ராடின் மேல் பூச்சுப் பூசும் யோசனையைக் கொண்டுவந்தவர் ஸ்வீடனின் ஆஸ்கர் ஷெல்பெரி. அவர் 1904-ல் தொடங்கிய ஈசாப் நிறுவனத்தின் பெயர் இன்றும் ராடு பாக்கெட்டுகளில் இருக்கிறது.

1888 என்ற வருடத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வரும்.

கண்ணாடிக்கு நம்பர் வந்தது

உலை முன்னால் காலமெல்லாம் நின்ற கண்ணாடித் தொழிலாளிகளுக்கு இளம் வயதிலேயே கண்புரை வந்தது. அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று லண்டன் ராயல் சொசைட்டி ஆராய்ந்தபோது, வில்லியம் குரூக்ஸ் என்ற வேதியியலாளர் முன்னூறுக்கும் மேற்பட்ட கலவைகளில் கண்ணாடி வார்த்துப் பார்த்தார். வெளிச்சத்தை விட்டுவிட்டுச் சூட்டுக் கதிரையும் புற ஊதாவையும் மட்டும் நிறுத்தும் கண்ணாடி வேண்டும் என்பது அவர் தேடல். அவருடைய அறிக்கை 1914-ல் வெளிவந்தது. வெறுமனே கறுப்பாக இருந்தால் போதாது, எந்தக் கதிரை நிறுத்துகிறது என்பதே முக்கியம் என்ற பாடம் அங்கிருந்து வந்தது.

பிறகு வெல்டிங் கண்ணாடிக்கு "ஷேடு" என்று நம்பர் போடும் வழக்கம் வந்தது. ஷேடு 10 என்றால் ஏறக்குறைய ஏழாயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். ஷேடு 11 என்றால் பத்தொன்பதாயிரத்தில் ஒரு பங்கு. நாம் கடைத்தெருவில் வாங்கும் கூலிங் கிளாஸ் பத்தில் ஒரு பங்கையாவது உள்ளே விடும். கூலிங் கிளாஸ் போட்டு வெல்டிங் அடிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குடைக்கும் கடல் அலைக்கும் உள்ள பொருத்தம்தான் அது!

தூத்துக்குடியில் இரும்பு மழை

முழுக்க வெல்டிங்கால் கட்டிய "ஃபுல்லாகர்" என்ற கப்பல் 1920-ல் இங்கிலாந்தில் மிதந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,710 லிபர்ட்டி கப்பல்களை வெல்டிங் முறையில் கட்டித் தள்ளியது. ரிவெட் காலம் முடிந்தது.

சுதந்திர இந்தியாவில் 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி, ஐ.டி.ஐ.களில் வெல்டர் ஒரு தனிப் படிப்பாக வளர்ந்தது. நம் கரையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தன. 1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகங்களின் பட்டியலில் சேர்ந்தது. 1975-ல் ஸ்பிக் உரத் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது. 1978-ல் கனநீர் ஆலை, 1979-ல் அனல் மின் நிலையம். எல்லாமே குழாயும் தகடும் தொட்டியும்தான். வெல்டர் இல்லாமல் ஒன்றும் நிற்காது. திருச்சியில் பெல் நிறுவனத்தோடு சேர்ந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்ததும் 1975-ல்தான்.

சட்டமும் இருந்தது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 35-வது பிரிவில், துகள் தெறிக்கும் வேலைக்கும் கண்ணைப் பாதிக்கும் கடும் வெளிச்சமுள்ள வேலைக்கும் தடுப்புத் திரையோ தகுந்த கண்ணாடியோ கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டத்தில் "தொழிற்சாலை" என்றால், மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும். 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் இந்த எண்ணிக்கை இருபது. சித்தப்பா பட்டறையில் லீவுக்கு வந்த என்னையும் சேர்த்து மூன்று பேர்! ரோட்டோரப் பட்டறைகளின் கண்களைச் சட்டம் அன்றும் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை.

கண்ணாடி இருந்தும் கண் ஏன் எரிந்தது?

இங்கேதான் எனக்கு முக்கியமான விஷயம் பிடிபட்டது. ஷேடு போட்ட கண்ணாடி பல பத்தாண்டுகளாகக் கடையில் கிடைக்கிறது. விலையும் அதிகம் இல்லை. அப்படியும் வெல்டர்களுக்குக் கண் எரிந்துகொண்டே இருந்தது. இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். சித்தப்பாவிடம் கேட்டேன்.

"கண்ணாடிய எறக்குனா அமாவாச இருட்டுலே. ராடு எங்க இருக்கு, ஜாயின்ட் எங்க இருக்குன்னு ஒண்ணும் தெரியாது. ஒரு கையில ஹோல்டர், ஒரு கையில ஷீல்டுன்னா ஆங்கிள யாரு பிடிப்பா?" என்றார்.

ஷேடு 11 கண்ணாடி வழியாக ஆர்க்கைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆர்க் ஆரம்பிக்கும்வரை வெல்டர் குருடர். அதனால் முதலில் வெறும் கண்ணால் பார்த்து ராடை இடத்தில் வைத்து, சட்டென்று தலையை ஆட்டி ஹெல்மெட்டை இறக்கிவிட்டு ஆர்க் அடிக்க வேண்டும். தலை ஆட்டும்போது கை ஒரு நூல் நகர்ந்தாலும் வெல்டு வேறு இடத்தில் விழும். டேக் வைக்கும்போது இது இன்னும் மோசம், ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு தடவை ஏற்றி இறக்க வேண்டும். ஆகவே ஷீல்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். கை பழகிவிடும், ஆனால் இமை சில சமயம் அரைக் கணம் பிந்தும்.

ஆக, பழைய கண்ணாடி வெல்டிங் நடக்கும் நேரத்தைப் பாதுகாத்தது. ஆரம்பிக்கும் அந்த ஒரு கணத்தைப் பாதுகாக்கவில்லை. கண் எரிந்ததெல்லாம் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான்.

1888-ன் இன்னொரு பிள்ளை

இப்போது அந்த வருடத்துக்குத் திரும்புவோம். ஸ்லாவியானோவ் ராடு வெல்டிங் செய்த அதே 1888-ல், பிராக் நகரத்தில் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் காரட்டிலிருந்து எடுத்த ஒரு கொலஸ்டிரால் பொருளைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அது 145 டிகிரியில் உருகிக் கலங்கலானது. 178 டிகிரியில் திரும்பவும் மாறித் தெளிவானது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? நடுவில் இருந்தது திரவமும் இல்லை, படிகமும் இல்லை, இரண்டும் சேர்ந்த ஒன்று. அதுதான் திரவப் படிகம். காரட் கண்ணுக்கு நல்லது என்று அம்மா சொல்வது இப்படியும் உண்மையாகும் என்று யார் கண்டது!

1929-ல் அமெரிக்காவின் எட்வின் லேண்ட், வெளிச்சத்தை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் போலராய்டு தகட்டுக்கு பேட்டன்ட் கேட்டார். 1970-ன் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசெலில் ஷாட், ஹெல்ப்ரிச் இருவரும் அத்தகைய இரண்டு தகடுகளுக்கு நடுவே திரவப் படிகத்தை முறுக்கி வைத்து, சிறிய மின்னழுத்தத்தால் வெளிச்சத்தைத் திறந்து மூடிக் காட்டினார்கள். அமெரிக்காவில் ஃபெர்கசன் தனியாக இதையே செய்தார். கால்குலேட்டர், கைக்கடிகாரம் எல்லாவற்றிலும் எண்களைக் காட்டியது இதுதான்.

ஸ்வீடன்காரரான ஓக்கே ஹோர்னெல் இதை வெல்டரின் கண் முன்னால் கொண்டுபோய் வைத்தார். 1981-ல் ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் அந்த ஹெல்மெட் விற்பனைக்கு வந்தது. (2004-ல் த்ரீ எம் நிறுவனம் அதை வாங்கியது.) சாதாரண நேரத்தில் கண்ணாடி ஷேடு 3 அல்லது 4, அதாவது பச்சை நிழல் போல எல்லாம் தெரியும். ஆர்க் வெளிச்சம் முகப்பில் உள்ள சென்சாரில் பட்டதும் திரவப் படிகம் திரும்பிக்கொண்டு 10-க்கோ 11-க்கோ கறுக்கும். இன்றைய நல்ல ஹெல்மெட்டுகளில் இதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது. கண் இமைப்பதற்கு இதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு நேரம் வேண்டும். தலையை ஆட்ட வேண்டாம், இரண்டு கையும் சும்மா இருக்கும். அந்த "ஒரு கணம்" அடைபட்டது!

பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களை நிறுத்துவது திரவப் படிகம் இல்லை. முன்னால் நிரந்தரமாக ஒட்டியிருக்கும் ஒரு வடிகட்டிதான் நிறுத்துகிறது. தரமான ஹெல்மெட்டில் பேட்டரி தீர்ந்து கண்ணாடி கறுக்காவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு இருக்கும். ஆனால் ஷேடு 4 வழியாக இருபதில் ஒரு பங்கு வெளிச்சம் வந்துவிடும். அது விழித்திரைக்கு நல்லதல்ல. தரச் சான்று எதுவும் இல்லாத மலிவான ஹெல்மெட்டில் அந்த வடிகட்டி இருக்கிறதா என்பதை நம்மால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பயமே அதில்தான்.

சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

பட்டறையிலும் படிப்பிலும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. வாங்கும்போது தர முத்திரை பாருங்கள். இந்தியாவில் வெல்டிங் கண், முகப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 1179 உண்டு. ஐரோப்பிய இ.என். 379 தரப்படி சோதித்த கண்ணாடியில் 1/1/1/2 என்பது போல நான்கு எண்கள் இருக்கும். எண் சிறியதாக இருந்தால் பார்வை தெளிவு. 2021-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 16321 என்ற தரமும் இப்போது அச்சிடப்படுகிறது.

2. தினமும் வேலைக்கு முன் சோதியுங்கள். டெஸ்ட் பட்டன் இருந்தால் அழுத்துங்கள். இல்லாவிட்டால் முகத்தில் மாட்டாமல் கையில் பிடித்து, வெயில் பக்கம் சென்சாரைக் காட்டுங்கள். பெரும்பாலானவை கறுக்கும். கறுக்காவிட்டாலோ மினுக் மினுக் என்றாலோ பேட்டரியை மாற்றுங்கள். சோலார் இருக்கிறது என்று நம்பி இருந்துவிடக் கூடாது, பலவற்றில் பேட்டரியும் சேர்ந்தே வேலை செய்கிறது.

3. கிரில் வேலைக்கு 12 கேஜ், 10 கேஜ் ராடு ஓட்டும்போது ஷேடு 10 அல்லது 11 வையுங்கள். ஆம்பியர் கூடினால் ஷேடும் கூட வேண்டும்.

4. சென்சாரை மறைக்காதீர்கள். கேட் ஃபிரேமுக்குள் தலையை விட்டு அடிக்கும்போது ஒரு பைப் குறுக்கே வந்தாலே கண்ணாடி வெளுத்துவிடும். நான்கு சென்சார் உள்ளது இதற்கு நல்லது. முகப்பில் படியும் புகைக்கரியையும் தெறிப்பையும் துடையுங்கள், வெளிக் கண்ணாடி கீறினால் மாற்றுங்கள்.

5. ஆம்பியர் குறைந்த டிக் வெல்டிங்குக்கு சென்சிட்டிவிட்டியைக் கூட்டுங்கள். வெயிலில் சும்மாவே கறுத்தால் கொஞ்சம் குறையுங்கள். ஆர்க் நின்றதும் உலோகம் சிறிது நேரம் ஒளிரும், அதற்கு டிலே குமிழ் இருக்கிறது.

6. கிரைண்டிங் மோடில் கண்ணாடி கறுக்காது. திரும்ப ராடு எடுக்கும்முன் அந்த மோடை மாற்றினோமா என்று பாருங்கள். ஸ்லாக் தட்டும்போது ஹெல்மெட்டைத் தூக்குவோம், அப்போது உள்ளே ஒரு சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கட்டும்.

7. கேஸ் வெல்டிங், கேஸ் கட்டிங் தீயை சென்சார் கண்டுகொள்ளாமல் போகலாம். அதற்குத் தனிக் கண்ணாடி. லேசர் வெல்டிங்குக்கு இந்த ஹெல்மெட் கூடவே கூடாது.

8. பக்கத்தில் நிற்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும். ஆங்கிள் பிடிக்கும் பையனுக்கு இன்னொரு ஹெல்மெட், இல்லாவிட்டால் சாதாரண ஷேடு கண்ணாடி போட்ட தலைக் கவசமாவது கொடுங்கள். தெருப் பக்கம் ஒரு தடுப்பு வையுங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் துரத்துங்கள்!

அப்படியும் கண் எரிந்துவிட்டால்? கண்ணைத் தேய்க்காதீர்கள். இருட்டான இடத்தில் படுத்து, மூடிய இமைமேல் குளிர்ந்த ஈரத்துணி வைத்துக்கொண்டு கண் மருத்துவரைப் பாருங்கள். பொதுவாக ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். தாய்ப்பால், உருளைச் சாறு எதையும் கண்ணுக்குள் விடக் கூடாது, புண்ணில் கிருமி சேரும். மெடிக்கல் கடையில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கி அடிக்கடி விடுபவர்கள் இருக்கிறார்கள். வலி போகும், ஆனால் கருவிழி ஆறாமல் கெட்டுப்போகும்.

கடைசியாக...

1858-ல் ஆர்க் கண்ணைக் கெடுக்கும் என்று தெரிந்தது. 1914-ல் என்ன கண்ணாடி வேண்டும் என்று தெரிந்தது. வேலை செய்பவனுக்கு அது ஏன் உதவவில்லை என்பதைப் புரிந்துகொண்டு ஒரு பொருள் கடைக்கு வர 1981 ஆனது. "தொழிலாளி அஜாக்கிரதை" என்று சொல்லிக்கொண்டே போயிருந்தால் அந்த ஹெல்மெட் வந்திருக்காது. அவனுக்கு இருட்டில் வேலை தெரியவில்லை என்பதை ஒருவர் கவனித்ததால் வந்தது.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்பும் ஒரு தலைக்கு மட்டும்தான். இரண்டாவது தலையைப் பற்றி யோசிக்க வேண்டியது நாம்தான். பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகள் பிழைக்கத் தொழில் சொல்லிக்கொடுத்த ஊர் இது. தொழில் பழக வரும் பிள்ளையின் கண்ணும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் அல்லவா?

இப்போது நான் டிப்ளமா மெக்கானிக்கல் இரண்டாம் வருடம். லீவுக்கு இன்னும் பட்டறைக்குப் போகிறேன். ஆணியில் இரண்டு ஹெல்மெட் தொங்குகிறது. இரண்டாவது பழைய மாடல், கறுப்புக் கண்ணாடி, ஏற்றி இறக்க வேண்டியதுதான். ஆங்கிள் பிடிப்பவனுக்கு ஜாயின்ட் தெரிய வேண்டியதில்லையே, அதுவே போதும். சித்தப்பா ராடை வைப்பதற்கு முன் இப்போதெல்லாம் "கண்ண மூடிக்கோ" என்று சொல்வதில்லை. "மாட்டிட்டியால?" என்கிறார்.

உங்கள் ஊர்ப் பட்டறைகளில் எப்படி? கையாளுக்கும் ஹெல்மெட் கொடுக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள் நண்பர்களே.